நெய்வேலிக் குழந்தைகளுக்கு ஒரு வேல்ஸ் விழா

குழந்தைகளைக் கூட்டிப் பலூன் கட்டி, கேக் வெட்டி, போகும்போது ஆளுக்கொரு காகிதப் பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் விருந்து முடிந்தது என்று நாம் எண்ணப் பழகிவிட்ட இக்காலத்தில், ஒரு தேசத்தின் பண்பாட்டை நடுவே வைத்து, அதனைச் சுற்றிக் கதையும் பாட்டும் விளையாட்டும் பலகாரமும் அமையும்படி ஒரு மாலைப் பொழுதை நடத்துவது சற்றுப் பிரயாசையான காரியந்தான். ஆயினும் அந்தப் பிரயாசைக்குத் தக்க பலன் உண்டு. இந்த அத்தியாயத்துக்கு வேல்ஸ் நாட்டைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணங்கள் இரண்டு. இரண்டும் நெய்வேலிக்கு அருகிலேயே கிடைக்கின்றன.

முதற்காரணம் நிலக்கரி. 1934-ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு பழுப்புத் துகள்கள் வெளிப்பட்டதும், 1957 மே 20-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும், 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டதும் நெய்வேலிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்டு வளர்கின்ற வரலாறு. ஆனால் சுரங்கத்தைத் தொடங்குமுன், 1950-களின் நடுப்பகுதியில், இந்தத் திட்டத்துக்கு அறிக்கை தயாரித்துத் தந்த பவல் டஃப்ரின் என்னும் ஆலோசனை நிறுவனம், 1864-இல் தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் நிலக்கரி வெட்டுவதற்கென்றே தோன்றிய ஒரு கம்பெனியின் வழிவந்தது என்பதைப் பெரியவர்களிலேயே சிலர்தாம் அறிவர். இரண்டாவது காரணம் கடலூர்க் கடற்கரையில் இருக்கிறது. அதை விளையாட்டைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நாள் குறிப்பதில் முதலில் கவனம் வேண்டும். வேல்ஸ் மக்களின் பெருநாள் மார்ச் 1. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்து, ரொட்டியும் கீரையும் தண்ணீருமே ஆகாரமாகக் கொண்டு தவம் புரிந்த தாவீது முனிவரின் நினைவு நாள் அது. அவர் பிரசங்கம் செய்தபோது கூட்டத்தின் பின்வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லையென்றும், உடனே அவர் காலடி மண் மேடாக உயர்ந்ததென்றும் அந்நாட்டார் கர்ண பரம்பரையாகச் சொல்வார்கள். ஆனால் நம் ஊரில் மார்ச் மாதமென்றால் பரீட்சைக் காலம். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் வருவதாயின் மார்ச் முதல் தேதியையொட்டிய ஞாயிற்றுக்கிழமையையே வைத்துக்கொள்ளலாம். பெரிய பிள்ளைகளும் வருவதாயின் ஆகஸ்டு முதல் வாரமே உத்தமம். வேல்ஸின் தேசியக் கலைவிழா நடைபெறுவதும் அந்த வாரத்தில்தான். மாலை நாலரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும். அழைக்கும்போதே தாய் தந்தையர் எந்த ஷிப்டில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. குழந்தையைத் திரும்ப அழைத்துப்போக ஆளில்லாமல் இரவு ஒன்பது மணிவரை வீட்டுக்காரர் காத்திருப்பது நம் டவுன்ஷிப்பில் புதிதன்று. பன்னிரண்டு முதல் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

அலங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மேற்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி பச்சையுமான துணியின் நடுவே சிவப்புப் பறவைநாகம் ஒன்று நிமிர்ந்து நிற்பது வேல்ஸின் கொடி. 1959 முதல் அதுவே அதிகாரபூர்வமான தேசியக் கொடி. அதைப் பெரியவர்கள் வரைந்து மாட்டிவிடாமல், வெளிக்கோடு மட்டும் போட்டுவிட்டு, வந்து சேரும் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒரு செதிலுக்கு வர்ணம் தீட்டும்படி விட்டால், முன்கூட்டி வந்தவர்கள் சும்மா இருக்கிறார்களே என்ற கவலையும் தீரும். டாஃபடில் என்னும் மஞ்சள் மலரைச் சட்டையில் குத்திக்கொள்வது அவர்கள் வழக்கம். அம்மலர் நமக்குக் கிடைக்காது. முட்டை அட்டையின் குழி ஒன்றை வெட்டி மஞ்சள் பூசி, அதனைச் சுற்றி ஆறு இதழ்களை மஞ்சள் காகிதத்தில் ஒட்டினால் அசல் மலரின் உருவம் வந்துவிடும். குவார்ட்டர்ஸ் வேலியோரம் மஞ்சளாகத்தானே பூத்துக் கிடக்கிறது என்று தங்க அரளியைப் பறித்துக் குழந்தைகளுக்குச் சூட்டுவது மட்டும் ஒருபோதும் கூடாது. அதன் பூ, காய், பால் அனைத்தும் நஞ்சு. லீக் என்னும் தண்டுப் பூண்டு அவர்களுடைய மற்றொரு சின்னம். அதற்குப் பதிலாக வெங்காயத்தாள் கட்டு ஒன்றைக் கடையில் வாங்கி, விரும்பும் பையன்கள் தொப்பியில் செருகிக்கொள்ளலாம். பெண் குழந்தைகளுக்குக் கறுப்புச் சார்ட் காகிதத்தில் உயரமான தொப்பியும், தோளில் ஒரு சிவப்புத் துப்பட்டாவும் போதும்.

பலகாரத்துக்கு வருவோம். இதில்தான் வீட்டுக்காரிக்கு எதிர்பாராத சௌகரியம் காத்திருக்கிறது. ஏனெனில் வேல்ஸ் கேக் எனப்படும் பண்டம் அடுப்புப் பெட்டியில் வேகவைப்பதன்று, இரும்புக் கல்லில் சுட்டெடுப்பது. நம் தோசைக்கல்லே அதற்குரிய பாத்திரம். சுரங்கத்துக்குப் போகும் தொழிலாளி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாலும் உதிர்ந்துபோகாத பலகாரமாகையால், அந்நாட்டு நிலக்கரிக் குடும்பங்களில் இதற்குத் தனிச் செல்வாக்கு இருந்தது. மைதா 225 கிராம், அதில் கலக்க ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், வெண்ணெய் 110 கிராம், சர்க்கரை 85 கிராம், உலர்ந்த கறுப்புத் திராட்சை ஒரு கைப்பிடி, ஜாதிக்காய்த் தூளும் பட்டைத் தூளுமாக இரண்டு சிட்டிகை, முட்டை ஒன்று. இந்த அளவுக்குப் பதினாறு முதல் இருபது வரை வரும். பதினைந்து பிள்ளைகளுக்கு இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். முட்டை சேர்க்காத வீடுகளில் மூன்று மேசைக்கரண்டி பால் விட்டுப் பிசையலாம். பண்ருட்டிப் பக்கத்தில் இருந்துகொண்டு முந்திரிப் பருப்பைச் சேர்க்காமல் விடுவது நியாயமாகாது என்று தோன்றினால், பொடியாக நறுக்கிச் சேர்க்க. வேல்ஸ்காரர் யாரும் வந்து ஆட்சேபிக்கப் போவதில்லை.

குளிர்ந்த வெண்ணெயை மாவில் போட்டு, உள்ளங்கை படாமல் விரல் நுனிகளால் தேய்த்து, ரவைப் பதத்துக்கு உதிரியாக வந்தபின் மற்றவற்றைச் சேர்த்து, முட்டையை ஊற்றி, ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் கூட்டி எடுக்க வேண்டும். சப்பாத்தி மாவை அடித்துப் பிசையும் பழக்கத்தில் இதையும் பிசைந்தால் பலகாரம் பல்லை உடைக்கும். கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான கனத்தில் திரட்டி, டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டிக்கொள்க. கல்லை நன்றாகக் காயவைத்துத் தோசை வார்ப்பதுபோல் அவசரப்பட்டால் வெளிப்புறம் கருகி உட்புறம் பச்சை மாவாக நின்றுவிடும்; தீயை இறக்கி, கல் மிதமான சூட்டுக்கு வந்தபின் வெண்ணெய் தடவி, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் விட்டுத் திருப்ப வேண்டும். ஓரம் வெளுத்து, நடு பொன்னிறமாகச் சிவந்திருப்பதே சரியான பதம். சூடு ஆறுமுன் சர்க்கரையில் புரட்டிவிடுக. மாவைத் திரட்டி வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். கல்லின் அருகே மட்டும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். கூடவே உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயத்தாள் போட்ட சூப் ஒன்று இருந்தால், ஆட்டிறைச்சியும் லீக்கும் சேர்த்து அவர்கள் செய்யும் கவ்ல் என்னும் குழம்புக்கு ஈடாகும். தண்ணீர் குடித்தே தவம் செய்த முனிவரின் நாளில் பாட்டில் பானங்கள் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பானைத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் போதும்.

விளையாட்டுக்கு, முன்னே சொல்லிவைத்த கடலூர்க் காரணம் உதவும். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேல் என்பவர் வேல்ஸ் வம்சத்தவர். ரெக்ஸம் நகரின் மாதா கோயில் முற்றத்தில்தான் அடக்கமானார். அவர் காலத்தில், 1690-இல், கிழக்கிந்தியக் கம்பெனியார் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அதற்கு வேல்ஸின் தாவீது முனிவர் பெயரால் புனித டேவிட் கோட்டை என்று நாமகரணம் செய்தார்கள். கோட்டையோடு சேர்ந்த நிலத்தின் எல்லை பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் என்பது விற்பனையின் நிபந்தனை. நாலாபக்கமும் குண்டு சுட்டார்கள். குண்டு விழுந்த இடத்துக்கு உள்ளே அகப்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனியாருக்குச் சேர்ந்தன. குண்டு கிராமங்கள் என்ற பெயரும் அவற்றுக்கு நிலைத்தது.

இதை அப்படியே ஆட்டமாக்கலாம். வீட்டு முற்றத்தின் நடுவே சுண்ணாம்பால் ஒரு சதுரம் போட்டு அதைக் கோட்டையென்று வைத்துக்கொண்டு, ஒருவனைக் கோட்டைக்குள் நிறுத்தி, மற்றவர்களைச் சுற்றிலும் அவரவர் விருப்பப்படி தத்தம் ‘கிராமத்தில்’ நிற்கச் செய்ய வேண்டும். கோட்டைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு திசைக்கு ஒன்றாக நான்கு முறை ரப்பர்ப் பந்தை எறிவான். பந்து முதலில் தரையைத் தொட்ட இடங்களைக் கயிற்றால் இணைத்தால், அந்தக் கயிற்றுக்குள் நிற்பவர்கள் கிராமத்தை இழந்தவர்கள். ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளே ஒரு கேள்வி கேட்பார்கள்: அந்த ஊர்க்காரர்களை யாராவது கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை என்ற உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுக. யேல் துரை சென்னையில் சொந்த வியாபாரத்தில் திரட்டிய செல்வத்தையும், அடிமை வியாபாரத்தில் அவர் காலத்துக் கம்பெனிக்கு இருந்த பங்கையும், அவர் அனுப்பிய பொருள்களுக்கு நன்றியாக 1718-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கியதையும் பெரிய பிள்ளைகள் தெரிந்துகொள்ளலாம். ஒரு நாட்டின் பண்பாட்டைக் கொண்டாடுவதற்கு அந்நாட்டார் ஒவ்வொருவரையும் மெச்ச வேண்டுமென்று நியதியில்லை.

இருட்டத் தொடங்கும் வேளை கதைக்குரியது. வேல்ஸில் பெத்கெலர்ட் என்றோர் ஊர் உண்டு. லெவெலின் என்ற அரசன் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது, அவனுடைய நாய் கெலர்ட் வாயெல்லாம் இரத்தமாக எதிரே ஓடிவந்தது, தொட்டில் கவிழ்ந்து கிடந்தது, குழந்தையைக் காணவில்லை. அரசன் வாளை உருவி நாயை வெட்டினான். நாயின் அலறலுக்குப் பதில்போலத் தொட்டிலின் அடியிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. பக்கத்தில் செத்துக் கிடந்தது ஓர் ஓநாய். இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவராவது, இது கீரிப்பிள்ளைக் கதையாயிற்றே என்று கூவாமல் இருக்கமாட்டார். ஆம், பஞ்சதந்திரத்தில் பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியை அவசரப்பட்டு அடித்த தாயின் கதையேதான். அந்தத் தாயின் பாவம் தீரப் பொருள் கொடுத்து, பிரிந்துபோன கணவனோடு அவளைச் சேர்த்துவைத்தவன் கோவலன் என்று சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் சொல்கிறான். பெத்கெலர்ட்டில் இன்றும் நாயின் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் விடுதிக்காரர் ஒருவர் வருவோரைக் கவர்வதற்காக எழுப்பினார் என்பர். குழந்தைகளிடம் இந்த உண்மையை அப்போதே சொல்ல வேண்டியதில்லை. கதைக்காகச் சிறிது நேரம் வருந்தட்டும்.

இனி விழாவின் உயிர்நிலையான பகுதி. வேல்ஸ் மக்கள் தங்கள் மொழிக்கென்று நடத்தும் போட்டி விழாவுக்கு ஐஸ்டெத்வொட் என்று பெயர். 1176-ஆம் ஆண்டு கார்டிகன் கோட்டையில் ரீஸ் பிரபு புலவருக்கும் இசைவாணருக்கும் போட்டி வைத்து, வென்றவர்க்கு ஆசனம் அளித்த நிகழ்ச்சியிலிருந்து அதன் வரலாற்றைக் கணக்கிடுவார்கள். இன்றும் மரபுச் செய்யுளில் வென்ற கவிஞனுக்குப் பரிசு, அந்த ஆண்டுக்கென்றே புதிதாகச் செய்த ஒரு நாற்காலி. கவிஞர்கள் புனைபெயரில் எழுதி அனுப்புவார்கள், நடுவர் தீர்ப்பைக் கூறி, வென்றவரின் புனைபெயரை மட்டும் உரைப்பார், அவர் எழுந்து நிற்கட்டும் என்று தலைமைப் புலவர் அழைப்பார், எக்காளம் ஒலிக்கும், ஆயிரக்கணக்கானோர் நடுவே எங்கோ ஒருவர் எழுந்து நிற்பார். அவரை மேடைக்கு அழைத்துவந்து, தலைமைப் புலவர் பெரிய வாளொன்றைப் பாதி உருவி, சமாதானம் உண்டா என்று மூன்று முறை கேட்க, சபையார் மூன்று முறையும் சமாதானம் என்று முழங்கிய பிறகே ஆசனத்தில் அமர்த்துவார்கள்.

இதில் நம் வீட்டில் செய்ய முடியாதது எதுவுமில்லை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே ‘மழை’, ‘சுரங்கம்’, ‘எங்கள் வட்டம்’ என்று ஏதேனும் ஒரு தலைப்புக் கொடுத்து, நாலு வரிப் பாட்டெழுதி, உறையின் மேல் புனைபெயரும் உள்ளே சீட்டில் சொந்தப் பெயருமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேல்ஸ் மரபுக் கவிதையில் ஓரடிக்குள்ளேயே மெய்யெழுத்துகள் வரிசை பிறழாமல் திரும்ப வரவேண்டுமென்பது விதிகளில் ஒன்று. மோனையும் எதுகையும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த இன்பம் உடனே பிடிபடும். அடிதோறும் மோனை வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். நடுவராக அண்டை வீட்டுத் தமிழாசிரியரையோ, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரையோ அழைக்கலாம்; விருந்து வைக்கும் வீட்டார் நடுவராவது முறையன்று. எக்காளத்துக்கு ஒரு விசில். வாளுக்கு அட்டையில் செய்த வாள். ஆசனத்துக்கு வீட்டிலுள்ள பழைய மர நாற்காலி ஒன்றைத் துடைத்துச் சிவப்புக் காகிதம் சுற்றியது. விசில் ஊதியதும் யார் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று எல்லாத் தலைகளும் திரும்புகிற அந்தக் கணத்தை எந்த மாயவித்தைக்காரரும் காசு வாங்கிக்கொண்டு உண்டாக்கித்தர முடியாது. தகுதியான கவிதை வராவிட்டால் பெரியவர்களின் விழாவில் நாற்காலியை யாருக்கும் கொடாமல் விட்டுவிடுவதுண்டு. குழந்தைகளிடம் அந்தக் கண்டிப்பு வேண்டாம்.

பத்து வயதைக் கடந்தவர்களுக்கு ஹெத் வின் என்ற புனைபெயர் பெற்ற ஆட்டிடையனின் செய்தியைச் சொல்லலாம். 1917 செப்டம்பரில் பிர்க்கன்ஹெட் நகரில் கூடிய விழாவில் வென்றவர் பெயரை அழைத்து எக்காளம் ஊதியும் எவரும் எழவில்லை. அவர் ஐந்து வாரங்களுக்கு முன்பு, ஜூலை 31 அன்று, பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டுபோயிருந்தார். நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். சமாதானம் உண்டா என்ற கேள்விக்கு அர்த்தம் அப்போது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும். 1966-இல் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மலை பள்ளியின் மேல் சரிந்து, 116 குழந்தைகளும் பெரியவர் 28 பேரும் மாண்ட துயரம் விருந்துக்குரிய பேச்சன்று. அதனை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வேல்ஸ் மொழிப் பாடலைத் தமிழெழுத்தில் எழுதி உருப்போடச் செய்வது வீண் வேலை. அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் புகழ்பெற்றது பல குரல்கள் இணையும் கூட்டிசையில். 1957-இல், நெய்வேலியில் மண் வெட்டத் தொடங்கிய அதே ஆண்டில், கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன், கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்து போர்த்காலில் கூடியிருந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளருக்குப் பாட, அவர்களும் திரும்பப் பாடினார்கள். ஆகவே எல்லாருக்கும் தெரிந்த தமிழ்ப் பாட்டொன்றை எடுத்து, பிள்ளைகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டம் பாட மறு கூட்டம் மேல் ஸ்தாயியில் எதிரொலிக்கப் பழக்கினால் போதும். வேல்ஸ் தேசிய கீதத்தின் மெட்டை வாத்தியத்தில் மட்டும் ஒலிபரப்பலாம். 1841-இல் சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்த தாமஸ் ஜோன்ஸைத் தொடர்ந்து வந்த வேல்ஸ் பாதிரிமார் வழியாக அந்த மெட்டு மேகாலயத்துக்கும் வந்து, காஸி மக்களின் நாட்டுப் பண்ணாகவே பாடப்படுகிறது.

இறுதியாக, குழந்தைகள் வேல்ஸை இங்கிலாந்து என்று சொன்னால் திருத்திவிடுங்கள். அது தனி மொழியுடைய தனி நாடு. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மொழி பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிகளில், தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டுவார்கள். அடுத்துப் பேசியவன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. தமிழில் பேசினால் அபராதம் என்னும் பள்ளிகளை நம் பிள்ளைகளும் அறிவார்களாதலால் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

வேல்ஸின் தேசிய விழா ஓராண்டு வடக்கிலும் மறு ஆண்டு தெற்கிலுமாக இடம் மாறிச் செல்வது. அடுத்த ஊர் எதுவென்பதையும் முன்கூட்டியே சடங்கு செய்து பறைசாற்றுவார்கள். நீங்களும் அவ்வாறே, பிள்ளைகள் வீடு திரும்புமுன், அடுத்த ஆண்டு இந்த நாற்காலியை டவுன்ஷிப்பின் எந்த வட்டத்தார் ஏற்கிறார்கள் என்று அவர்களுடைய பெற்றோரிடம் கேட்டு, தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.